அடிவாரத்துச் சுத்தியலும் ஆகாயக் கண்ணும்



மலர்க் குழுவினர் இந்த ஆண்டுச் சந்திப்பு மலருக்காக, “ஏதாவது பழைய கதை எழுதிக் கொடுங்க சார்” என்று கேட்டார்கள். பழைய கதை என்றால் விடுதிச் சாம்பார், தேர்வுக்கு முதல் நாள் இரவு, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்து ஏற்காடு அடிவாரம் வரை போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியது... இதையெல்லாம் என்னைவிட அழகாக எழுதக் கூடியவர்கள் நம்மில் பலர் உண்டு. எனக்கு வேறொரு கடன் பாக்கி இருக்கிறது. அதை இந்த மலரில் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

சென்ற சந்திப்பில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், இப்பத்தான் ட்ரோன் வந்துடுச்சே. இனிமே இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாரும் மேல ஏறவே வேண்டாம்தானே?” இலையும் கையுமாக இருந்த அவசரத்தில், “ஆமாப்பா, நீங்கெல்லாம் கொடுத்து வச்சவங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பதில் தவறு. அது தவறு என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஏன் தவறு என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சுத்தியலோடு வந்தவர்

நம் அடிவாரத்து மண்ணை முறையாகப் பரிசோதித்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, தமிழ் மண்ணின் வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர் இவர்தான். அவரும் வில்லியம் கிங் என்பவரும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு வட்டாரங்களின் நில அமைப்பைப் பற்றி எழுதிய அறிக்கை 1864-இல் வெளிவந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-இல் காலமான அவருடைய நினைவிடம் ஏற்காடு தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது. மலைக்குப் போகும் நண்பர்கள் படகுத் துறையோடு திரும்பி விடாமல் அங்கேயும் ஒரு முறை போய் வர வேண்டும்.

அவரிடம் என்ன கருவி இருந்தது? காலும் கண்ணும் ஒரு சுத்தியலும்தான். பாறையை வெளியிலிருந்து பார்த்து அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் ஒரு நிறம், உள்ளே வேறு நிறம். தட்டி, உடைத்து, புதிதாகத் தெரியும் முகத்தைப் பார்த்த பிறகுதான் குறிப்பேட்டில் எழுதுவார்கள். இன்றைக்கும் புவியியல் மாணவர்கள் முதலில் வாங்குவது சுத்தியல்தான்.

ஃபூட்டுக்கு முன்பும் இந்தப் பழக்கம் நம் ஊரில் இருந்தது. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் காந்தக்கல் எனப்படும் இரும்புத் தாது நிறைந்திருக்கிறது. அதை உருக்கி இரும்பெடுத்த நம் ஊர்க் கொல்லர்களின் கீர்த்தி, ஜோசையா ஹீத் என்ற வெள்ளைக்காரரின் கவனத்தை ஈர்த்தது. சேலத்துத் தாதுவை நம்பி அவர் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை அமைத்தார்; காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும் ஓர் உலை நடந்தது. கொல்லரிடம் மீட்டர் கிடையாது, கேஜ் கிடையாது. தட்டிப் பார்த்துச் சத்தத்தில் தெரிந்துகொள்வார். குயவர் பானையைத் தட்டுகிறார், நம் வீட்டுப் பெண்கள் தேங்காயைத் தட்டுகிறார்கள், ரயில் நிலையத்தில் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவார்கள். எல்லாம் ஒரே சாஸ்திரம்தான். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லிவிடும்!

ஆண் தேனீ பிறந்த கதை

ஆகாயக் கண்ணின் கதை வேறு. 1935-இல் பிரிட்டனில், பீரங்கி வீரர்கள் குறிபார்த்துச் சுடப் பழகுவதற்காக, ஆளில்லாமல் வானொலி அலையால் இயங்கும் விமானம் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு ‘ராணித் தேனீ’ என்று பெயர். அதைப் பின்பற்றிய அமெரிக்கக் கடற்படையினர் தங்கள் விமானத்துக்கு ‘ட்ரோன்’, அதாவது ஆண் தேனீ, என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஆண் தேனீ பறக்கும், சத்தம் போடும். ஆனால் தேன் சேர்க்காது, கொட்டவும் தெரியாது. பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, பொருத்தமான பெயர்தான்!

அது நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததற்குக் காரணம் செல்போன். போனுக்காகக் கோடிக்கணக்கில் தயாரான சின்னஞ்சிறு கைரோ சில்லு, ஜி.பி.எஸ்., கேமரா, லித்தியம் பேட்டரி எல்லாம் மலிவானபோது நான்கு விசிறி வைத்த ட்ரோன் கடைக்கு வந்தது. 2013-இல் சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம் வெளியிட்ட ‘ஃபான்டம்’ அதை உலகம் முழுவதும் பரப்பியது. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2007-இல் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தின் ட்ரோனைத்தான் 2009-இல் ‘3 இடியட்ஸ்’ படத்தில் எல்லோரும் பார்த்தோம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்ஷா’ குழுவும் இதில் முன்னோடி.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியார் ட்ரோன் பறக்கக் கூடாது என்று அறிவித்தது. 2018 டிசம்பர் முதல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் கதவை அகலத் திறந்துவிட்டன. 2022-இல் தமிழ்நாடு அரசே இதற்கென்று தனியாக ஒரு கழகம் தொடங்கியது.

ஜெயித்த இடம்

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். நிலத்தை மேலிருந்து அளக்கும் வேலையில் ட்ரோனை மிஞ்ச ஆளில்லை. மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளில் எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, எம்.ஐ.டி.யின் பறக்கும் கருவிகள்தான் குழிகளைப் படமெடுத்து அளக்க உதவின. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிம விதிகளின்படி, 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகைச் சுரங்கங்களும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அல்லது அதற்கு மேல் வெட்டத் திட்டமிடும் சுரங்கங்களும் ஆண்டுதோறும் ட்ரோன் சர்வே செய்து தர வேண்டும். நம் அடிவாரத்தில் வெள்ளைக்கல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மேக்னசைட் பூமியை நினைத்துப் பாருங்கள். அந்த வெள்ளை மேடுகளையும் பள்ளங்களையும் ஆட்கள் நடந்து அளப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். ட்ரோன் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடும். அதே 2021-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தன் சாலைப் பணிகளை மாதந்தோறும் ட்ரோன் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டது.

ஆனால் அளப்பது வேறு, பரிசோதிப்பது வேறு. வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்ட கதை இது.

நான் போட்ட கையெழுத்து

2022-ஆம் ஆண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராகப் போய்வந்துகொண்டிருந்தேன். நம் வட்டாரத்து ஆலை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஐம்பதடி உயரத்தில் புகைப்போக்கிக்குப் போகும் பெரிய இரும்பு டக்ட் இருந்தது. சுற்றிலும் கிளாஸ் ஊல், அதற்கு மேல் அலுமினிய ஷீட். வழக்கமாகச் சாரம் கட்டி ஆள் ஏறிப் பார்ப்பார்கள். சாரம் கட்டவே பத்து நாள், அதற்கு ஒரு பெரிய தொகை. “இந்த வருஷம் ட்ரோன் விட்டுடலாம் சார், பாதி நாள் வேலை” என்றார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு ஆளும் உயரத்தில் தொங்க வேண்டாமே!

ட்ரோன் வந்தது. படங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் வழவழப்பான அறிக்கை. புரட்டிப் பார்த்து ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆலையின் பழைய ஃபிட்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முப்பது வருஷம் அந்த டக்டில் ஏறி இறங்கியவர்.

“ஏங்க சார், ரிப்போர்ட்டு பாத்தேனுங்க. படமெல்லாம் சினிமா மாதிரி இருக்குது. ஆனா முப்பத்தோராம் பக்கத்துல அடி ஜாயின்ட்டுகிட்ட ஒரு காவி வடிஞ்சிருக்குது, பாத்தீங்களா?”

“பார்த்தேன் அண்ணே. பழைய கறைன்னு நினைச்சேன்.”

“போன வருஷம் நான் ஏறுனப்ப அது இல்லீங்க சார். ஒருக்கா தட்டிப் பாத்துரலாமுங்க.”

அந்த இடத்துக்கு மட்டும் சாரம் கட்டினோம். அவர் ஷீட்டைக் கழற்றினார். உள்ளே கிளாஸ் ஊல் நனைந்து கிடந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ‘டங்... டங்... டங்...’ என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் ‘டொக்’ என்று அடங்கியது. கீழே நின்ற எனக்கே கேட்டது. மீயொலிக் கருவி வைத்து அளந்தோம். எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகடு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஷீட் இணைப்பின் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பு கெடாமல் உள்ளே அரித்திருக்கிறது.

அந்த இடத்துக்கு நேர் கீழே நிழல். அந்த நிழலில்தான் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்கள் தினமும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

என் கையெழுத்தை அன்றே திரும்பப் பெற்றேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். குற்றம் ட்ரோன் மீது இல்லை. அது காவிக் கறையை நேர்மையாகப் படம் பிடித்துக் கொடுத்தது. ‘பார்த்தாகிவிட்டது’ என்பதையும் ‘பரிசோதித்தாகிவிட்டது’ என்பதையும் ஒன்றாக்கியவன் நான்தான்.

குறைகள் என்னென்ன?

அதன் பிறகுதான் கடையில் வாங்கும் ட்ரோன்களின் குறைகளை உட்கார்ந்து படித்தேன். மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, தொட முடியாது. கேமராவுக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். தகட்டின் தடிமன், பெயின்டுக்கு அடியில் உள்ள துரு, தளர்ந்த போல்ட் எதுவும் படத்தில் தெரியாது.

இரண்டாவது, நெருங்க முடியாது. ஒரு படத்தின் அகலத்தில் 4000 புள்ளிகள் உள்ள சாதாரணக் கேமராவை எடுத்துக்கொள்வோம். ஏழு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் பத்து மீட்டர் அகலம் படத்தில் விழும். ஒரு புள்ளி இரண்டரை மில்லிமீட்டர். கான்கிரீட்டில் நாம் தேடும் விரிசலோ 0.3 மில்லிமீட்டர்! அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு மீட்டருக்குள் போக வேண்டும். ஜி.பி.எஸ். பிழையே ஒன்றிரண்டு மீட்டர் இருக்கும்போது அவ்வளவு நெருங்கினால் சுவரில் மோதத்தான் செய்யும். ஜூம் கேமரா ஓரளவு கைகொடுக்கும். காற்றில் ஆடும் ட்ரோனில் அதுவும் ஓரளவுதான்.

மூன்றாவது, இரும்பு. இரும்புக் கட்டடங்களுக்கு நடுவில் ஜி.பி.எஸ். அலை எதிரொலித்துக் குழம்பும், திசைகாட்டி தடுமாறும். கஞ்சமலை மாதிரி காந்தக்கல் பாறை உள்ள இடத்திலும் திசைகாட்டியை நம்ப முடியாது. ஆனால் தொழிற்சாலை என்றாலே இரும்புதானே?

நான்காவது, பேட்டரி. பெட்டியில் முப்பது நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அது காற்றில்லாத இடத்தில் அளந்தது. ஏற, இறங்க, அவசரத்துக்கு மிச்சம் வைக்க என்று கழித்தால் வேலைக்கு மிஞ்சுவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. ஏற்காட்டு உயரத்தில், அதாவது 1500 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதிகம் உழைக்க வேண்டும். மலை இறக்கத்துக் காற்று வேறு. இந்தக் கருவிகள் பலவற்றுக்கு 40 டிகிரிதான் வெப்ப எல்லை. சேலத்து மே மாத மதியம் அதைத் தொட்டுவிடும்; பாய்லர் பக்கம் கேட்கவே வேண்டாம்.

ஐந்தாவது, தூசியும் தீயும். நிலக்கரித் தூசி, எரிவாயு உள்ள இடங்களில் தீப்பொறி காப்புச் சான்று பெற்ற மின் கருவிகளைத்தான் கொண்டு போகலாம். சாதாரண ட்ரோனுக்கு அந்தச் சான்று கிடையாது. அதன் விசிறிக் காற்றே படிந்த தூசியைக் கிளப்பிக் கேமராவை மறைத்துவிடும்.

ஆறாவது, சட்ட உயரம். 2021 விதிகளில் பச்சை மண்டலம் என்பது 120 மீட்டர் வரைதான். அனல் மின் நிலையப் புகைப்போக்கிகளோ 220 மீட்டர், 275 மீட்டர். மேல் பாதிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஏழாவதாக நம் ஊர்க் குறை ஒன்று: மலைத்தேனீ! தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் பாலத்துக்கு அடியிலும் பெரிய பெரிய கூடு கட்டியிருக்கும். ஆண் தேனீ என்று பெயர் வைத்த இந்த ட்ரோனின் ரீங்காரம் நிஜத் தேனீக்களைக் கிளப்பிவிட்டால், கீழே நிற்பவர்கள் கதி என்னவாகும்?

இவற்றில் சிலவற்றுக்கு மருந்து வந்துகொண்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ளையபிலிட்டி நிறுவனம், மோதினாலும் விழாத, கூண்டுக்குள் அடைத்த ‘எலியோஸ்’ ட்ரோனைச் செய்தது. பாய்லருக்குள், தொட்டிக்குள் அது போய் வருகிறது. தகட்டைத் தொட்டு மீயொலியில் தடிமன் அளக்கும் ட்ரோன்களும் இப்போது உண்டு. ஆனால் எந்தப் புள்ளியைத் தொட வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே! முப்பத்தோராம் பக்கத்துக் காவிக் கறை போன வருஷம் இல்லை என்பது எந்தக் கேமராவுக்கும் தானாகத் தெரியாது.

இரண்டு நினைவுகள்

2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டபோது நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நிலைமையை அறிய ட்ரோன்களும் பயன்பட்டன. வெளிநாட்டுத் துளைப்பு எந்திரமும் வந்தது. எந்திரம் இடையில் உடைந்து நின்றபோது, கடைசிச் சில மீட்டர்களைக் கையாலேயே தோண்டி வழி திறந்தவர்கள் ‘எலிவளை’த் தொழிலாளர்கள். பதினேழாவது நாளில் 41 பேரும் உயிரோடு வந்தார்கள்.

2024 டிசம்பரில் நம் மாவட்டத்து மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் உயிரிழந்தார்கள். அதன் காரணத்தைப் பற்றி நான் எதுவும் பேச வரவில்லை. ஆனால் இருட்டு, தூசி, இரும்புச் சுவர், ஜி.பி.எஸ். எட்டாத உட்புறம் என்று நான் மேலே சொன்ன குறைகள் அத்தனையும் ஒன்றுகூடும் இடம் அப்படிப்பட்ட தொட்டிதான். ஆபத்து எங்கே அதிகமோ, அங்கேதான் கடை ட்ரோன் கைவிடுகிறது. இதை நம் மாணவர்கள் மறக்கக் கூடாது.

மாணவருக்கு என் பதில்

எனவே, தம்பி, அன்று வரிசையில் நின்று நீ கேட்ட கேள்விக்கு இப்போது சரியாகப் பதில் சொல்கிறேன். ட்ரோனை விடு, கட்டாயம் விடு. சாரத்திலிருந்து விழுந்து செத்தவர்களை எனக்குத் தெரியும். தேவையில்லாமல் ஒருவரையும் மேலே ஏற்றாதே. ஆனால் எங்கே ஏற வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் ட்ரோன். ஏறாமல் இருப்பதற்குச் சாக்கு அல்ல. அறிக்கையில் ‘பார்த்தது’, ‘தொட்டது’, ‘பார்க்க முடியாதது’ என்று மூன்று பத்தி போடு. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் சந்தேகப்படு. சென்ற ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார். மிச்சமான சாரக் கூலியில் ஒரு பங்கையாவது சந்தேகப்பட்ட இடத்தில் ஏறுவதற்கு ஒதுக்கி வை. எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போடும் முன் அந்த இடத்தில் முப்பது வருஷம் வேலை செய்த ஃபிட்டரைக் கூப்பிட்டு, “அண்ணே, ஒரு பார்வை பாருங்க” என்று கேள். உன் டிகிரி அதனால் குறைந்துவிடாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தொழிலில் காதால் கேட்டது பல சமயம் மெய்யாகவே இருந்தது. மற்றபடி பழமொழி சரிதான்.

அந்த ஃபிட்டர் பெரியவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். விடைபெறும்போது அந்தச் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். பிடி வழவழத்துப் போன ஒரு பவுண்டு சுத்தியல். இந்தச் சந்திப்புக்கு வரும்போது அதைக் கொண்டு வருகிறேன். அடுத்த ஆண்டு வேலைக்குப் போகும் மாணவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.